ஃபியூஸ் உருகவில்லை, பெட்டி உருகிவிட்டது: வாசகர் கேள்வி – பதில்

கோடை தொடங்கியதிலிருந்து, காரின் டேஷ்போர்டுக்குக் கீழே இருக்கும் ஃபியூஸ் – ரிலே பெட்டியைப் பற்றியே அதிகம் கேட்கிறீர்கள். (ரிலே என்பது சிறிய கரண்ட்டால் பெரிய கரண்ட்டை ஆன், ஆஃப் செய்யும் சுவிட்ச்.) ஏசி முழு வேகத்தில் ஓடும் மாதங்களில்தான் அந்தப் பெட்டியின் பலவீனம் வெளியே தெரியும். இந்த இதழின் பக்கங்களை அதற்கே ஒதுக்கியிருக்கிறோம்.

எங்கள் காருக்குப் பத்து வயது. ஏசி ப்ளோயர் திடீரென்று நின்றுவிடும். டேஷ்போர்டின் அடியில் தட்டினால் மறுபடி ஓடும். மூடியைக் கழற்றிப் பார்த்தால் 30 ஆம்பியர் பச்சை ஃபியூஸைச் சுற்றிப் பிளாஸ்டிக் பழுப்பேறி உருகியிருக்கிறது. ஆனால் ஃபியூஸ் நன்றாகவே இருக்கிறது. "40 போட்டுவிடலாம், இல்லாவிட்டால் ஒயரை டைரக்டாகக் கொடுத்துவிடலாம்" என்கிறார் எலக்ட்ரீஷியன். செய்யலாமா?
– வாசகர், திருப்பூர்

இரண்டுமே வேண்டாம். 40 போட்டால் ஒயரைக் காப்பாற்ற எதுவும் மிஞ்சாது. டைரக்ட் கொடுத்தால் ஷார்ட் ஆகும் அன்று ஒயரே ஃபியூஸாகிவிடும், அதுவும் உங்கள் காலடியில்.

ஃபியூஸ் ஏன் போகவில்லை என்பதைப் புரிந்துகொண்டால் மீதி வேலை எளிது. தன் வழியே போகும் ஆம்பியர் அளவு தாண்டினால்தான் ஃபியூஸ் உருகும். பக்கத்தில் பிளாஸ்டிக் வெந்தாலும் அதற்குத் தெரியாது. உங்கள் ப்ளோயர் 18 ஆம்பியர் இழுக்கிறது என்று வையுங்கள். ஃபியூஸின் காலைப் பிடிக்கும் கிளிப் இறுக்கமாக இருந்தால் அந்த இணைப்பின் தடை இரண்டு மில்லி ஓம் அளவில் இருக்கும். அங்கே உண்டாகும் வெப்பம் ஒரு வாட்டுக்கும் குறைவு. கிளிப் தளர்ந்து, கறுத்து, தடை 50 மில்லி ஓம் ஆனால் வெப்பம் 16 வாட். கடையில் விற்கும் சிறிய சோல்டரிங் அயர்ன் 25 வாட். ஏறக்குறைய அதை ஃபியூஸ் பெட்டிக்குள் செருகி வைத்தது போலத்தான். இத்தனைக்கும் ஓடுவது அதே 18 ஆம்பியர்தான். 30 ஆம்பியர் ஃபியூஸுக்கு அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ப்ளோயருக்குப் போகும் மின்அழுத்தம் மட்டும் சுமார் 0.9 வோல்ட் குறையும். காற்று கொஞ்சம் மந்தமாகும், நாம் கேஸ் குறைந்துவிட்டது என்று நினைத்துக்கொள்வோம்.

சூடான கிளிப் தன் ஸ்பிரிங் பலத்தை இழக்கும், அதனால் மேலும் தளரும், மேலும் சுடும். இது தானாக நிற்காது. பெட்டியை மாற்றத்தான் வேண்டும். ஆனால் மாற்றுவதற்கு முன் ப்ளோயர் மோட்டார் எவ்வளவு இழுக்கிறது என்று கிளாம்ப் மீட்டரில் (ஒயரைச் சுற்றிக் கவ்வி ஆம்பியர் அளக்கும் மீட்டர்) பாருங்கள். அந்த மீட்டர் டி.சி. ஆம்பியர் அளக்கக்கூடியதாக இருக்க வேண்டும். வீட்டு ஒயரிங்குக்கு வைத்திருக்கும், ஏ.சி. எனப்படும் மாறுமின்னோட்டத்தை மட்டும் அளக்கும் கிளாம்ப் மீட்டர் இங்கே உதவாது. மோட்டாரின் தண்டைத் தாங்கும் புஷ் காய்ந்திருந்தாலோ இறக்கையில் இலை தழை சிக்கியிருந்தாலோ இழுப்பு கூடும். கேபின் ஃபில்டர் அடைத்திருந்தால் காற்று வராமல் எப்போதும் நாலாம் நம்பரிலேயே ஓட்டுவோம், கிளிப் மணிக்கணக்கில் சூட்டிலேயே இருக்கும். அதையும் மாற்றிவிடுங்கள்.

பெட்டியை நானே மாற்ற நினைக்கிறேன். ஸ்பேனர் பிடித்துப் பழக்கம் உண்டு, மல்டிமீட்டர் இருக்கிறது. எந்த வரிசையில் செய்ய வேண்டும், எதைத் தொடக்கூடாது?
– வாசகர், நாமக்கல்

முதலில் உங்கள் வண்டி எந்த வகை என்று பாருங்கள். சாதாரண பெட்ரோல், டீசல் வண்டி என்றால் செய்யலாம். 'ஸ்மார்ட் ஹைபிரிட்' என்று விற்ற சில வண்டிகளில் முன் இருக்கைக்குக் கீழே இரண்டாவதாக ஒரு 12 வோல்ட் லித்தியம் பேட்டரி இருக்கிறது. பானெட்டுக்குள் இருப்பதைக் கழற்றினால் மட்டும் வண்டி முழுக்கச் செத்துவிட்டது என்று எண்ணக்கூடாது. முழு ஹைபிரிட், மின்சாரக் கார்களை சர்வீஸ் சென்டருக்கே விட்டுவிடுங்கள். ஸ்டீயரிங்குக்குக் கீழே முழங்கால் ஏர்பேக் உள்ள வண்டியிலும் அப்படியே.

இன்னொன்று: பல வண்டிகளில் இந்தப் பெட்டியோடு பி.சி.எம். எனப்படும் பாடி கன்ட்ரோல் மாட்யூலும் சேர்ந்திருக்கும். அதற்கான முன்வேலை அடுத்த பதிலில் இருக்கிறது. அதைப் படித்த பிறகே பேட்டரியில் கை வையுங்கள்.

நான்கு கண்ணாடிகளையும் இறக்கி, டிக்கியைத் திறந்து வையுங்கள். டிக்கி மின்சாரத்தில் திறப்பதாக இருந்தால் பேட்டரி கழன்ற பிறகு திறக்காது. சாவியை எடுத்துப் பையில் போடுங்கள். பிறகு 10-ம் நம்பர் ஸ்பேனரால் நெகட்டிவ் டெர்மினலை மட்டும் கழற்றி, துணி சுற்றி, திரும்ப உரசாதபடி ஒதுக்கிக் கட்டுங்கள். அந்தக் கிளாம்பின் மேல் சிறிய சென்சார் பெட்டி இருந்தால் அதைப் பிடித்து நெம்ப வேண்டாம். முதலில் பாசிட்டிவைக் கழற்றாதீர்கள். ஸ்பேனர் பாடியில் பட்ட கணமே நேரடி ஷார்ட்.

இனி காத்திருக்க வேண்டும். ஏர்பேக் கம்ப்யூட்டருக்குள் இருக்கும் கெபாசிட்டர், பேட்டரி போன பிறகும் ஏர்பேக்கை வெடிக்க வைக்கும் அளவுக்குச் சிறிது நேரம் மின்சாரத்தை வைத்திருக்கும். கம்பெனிக் கையேடுகள் பொதுவாக ஒன்றிலிருந்து மூன்று நிமிடம் என்கின்றன. பத்து நிமிடம் விடுங்கள், நஷ்டம் ஒன்றுமில்லை. மஞ்சள் நிறக் கப்ளர் (ஒயர்களை இணைக்கும் பிளாஸ்டிக் செருகி), மஞ்சள் உறை போட்ட ஒயர் எல்லாம் ஏர்பேக் உடையவை. அவற்றில் மல்டிமீட்டரின் முனையை வைக்கவே கூடாது. ஓம் பார்க்க மீட்டர் அனுப்பும் சிறு கரண்ட்டைக்கூட அங்கே நம்ப முடியாது.

டிரைவர் இருக்கையைக் கடைசி வரை பின்னுக்குத் தள்ளி, ஸ்டீயரிங்குக்குக் கீழ்ப் பலகையின் ஸ்க்ரூக்களை எடுங்கள். மீதி கிளிப்பில் நிற்கும். நேராக உங்கள் பக்கம் இழுத்தால் வரும். பானெட் திறக்கும் லீவரும் வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனரை மாட்டும் சாக்கெட்டும் அந்தப் பலகையிலேயே இருக்கலாம், பிய்த்துவிடாமல் பாருங்கள்.

பெட்டி கண்ணில் பட்டதும் எதையும் கழற்றாதீர்கள். போனை எடுத்து முழுப் பெட்டியையும் படம் பிடியுங்கள், பிறகு ஒவ்வொரு பக்கமும், ஒவ்வொரு கப்ளரும். மாஸ்கிங் டேப்பில் எண் எழுதிக் கப்ளரில் ஒன்று, அது உட்காரும் இடத்தில் ஒன்று ஒட்டுங்கள். கப்ளர்கள் வடிவத்தாலேயே இடம் மாறாது என்பார்கள். பெரும்பாலும் உண்மை. ஆனாலும் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு வெள்ளைக் கப்ளர் இருக்கும்போது, தலைகீழாகக் கிடந்தபடி டார்ச் வெளிச்சத்தில் வேலை செய்பவருக்கு அந்த எண்தான் துணை.

கப்ளரை ஒயரைப் பிடித்து இழுக்காதீர்கள். பெரிய கப்ளரில் சிவப்பாகவோ வேறு நிறத்திலோ ஒரு சிறு பூட்டு இருக்கும். அதைத் தள்ளிய பிறகுதான் லீவர் திரும்பும். லீவர் முழுக்கத் திரும்பினால் கப்ளர் தானாகவே ஏறி வரும். பேட்டரியிலிருந்து நேரே வரும் தடித்த ஒயர் பெரும்பாலும் ஸ்டட்டில் (மறை வெட்டிய கம்பி) நட்டு போட்டு நிற்கும். அதை எடுத்த பிறகு பெட்டியைப் பிடிக்கும் நட்டுகளைக் கழற்றுங்கள். எலக்ட்ரானிக் போர்டு உள்ள பெட்டியைத் தொடுமுன் கதவின் பெயின்ட் இல்லாத உலோகத்தை ஒரு தரம் தொடுங்கள், உடம்பிலுள்ள நிலைமின்சாரம் இறங்கிவிடும்.

இப்போதுதான் முக்கியமான இடம். உருகிய ஃபியூஸுக்குச் சேர்ந்த கப்ளரைக் கையில் எடுத்து அதன் துளைகளைப் பாருங்கள். நல்ல டெர்மினல் வெள்ளி போல் மின்னும். வெந்தது நீலமோ பழுப்போ பூத்திருக்கும். அதன் ஒயரின் மேலுறை நகத்தால் அழுத்தினால் அமுங்காமல் மொறமொறக்கும். அந்த டெர்மினலைப் புதுப் பெட்டியில் செருகினால் புதுப் பெட்டியும் சில வாரத்தில் பழையதைப் போலவே ஆகும். "பெட்டி மாற்றியும் மறுபடி உருகிவிட்டது" என்று வரும் புகார்களில் நாங்கள் முதலில் கேட்பது இதைத்தான். ஒயரை ஐந்தாறு சென்டிமீட்டர் பின்னால் வெட்டுங்கள். செம்பு பளிச்சென்று தெரியும் வரை வெட்டுங்கள். அதே சதுர மில்லிமீட்டர் கனமுள்ள ஒயரில் புது டெர்மினலை அதற்கான கிரிம்பிங் பிளையரால் அடித்து இணைத்து, உள்ளே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் சிலீவ் போடுங்கள். முறுக்கி டேப் சுற்றுவது வேண்டவே வேண்டாம். 18 ஆம்பியர் ஓடும் இடத்தில் அது இன்னொரு சோல்டரிங் அயர்ன்.

மற்ற டெர்மினல்களின் பிடியையும் சோதிக்கலாம். அதே அகலமுள்ள ஆண் பின் ஒன்றைச் செருகி மெல்ல இழுங்கள். விரலுக்கு ஒரு இழுவை தெரிய வேண்டும். வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த டெர்மினல் தளர்ந்துவிட்டது. மல்டிமீட்டரின் தடித்த முனையை இந்தத் துளைக்குள் ஒரு தரம் குத்தினாலே போதும், வாய் விரிந்துவிடும். பல பெட்டிகள் உருகத் தொடங்குவது அப்படிச் செக் பண்ணிய நாளிலிருந்துதான். உப்புத்தாளும் போடாதீர்கள். மேலே இருக்கும் வெள்ளீய முலாம் போய்விட்டால் அடியிலுள்ள செம்பு சீக்கிரம் கறுக்கும். கான்டாக்ட் கிளீனர் மட்டும் போதும்.

ஃபியூஸ்களைப் பழைய பெட்டியிலிருந்து புதியதற்கு ஒவ்வொன்றாக, பிளாஸ்டிக் இடுக்கியால் மாற்றுங்கள். பழைய பெட்டியில் இருந்ததை அப்படியே நகலெடுக்காதீர்கள். யாராவது 15 இருக்க வேண்டிய இடத்தில் 30 செருகியிருக்கலாம். மூடியின் பின்பக்கப் படமோ ஓனர் கையேடோ சொல்வதே சரி. 5 வெளிர்பழுப்பு, 7.5 பழுப்பு, 10 சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள், 25 நிறமற்றது, 30 பச்சை, 40 ஆரஞ்சு. காலியாக இருந்த இடம் காலியாகவே இருக்கட்டும். ப்ளோயர், ஹெட்லைட், பவர் விண்டோ போன்ற சுமைமிக்க இடங்களுக்குப் புது ஃபியூஸ் போடுங்கள். சூடுபட்ட காலை மறுபடி செருக வேண்டாம். பெயரில்லாத மலிவு பாக்கெட் ஃபியூஸையும் தவிருங்கள். மேலே எழுதிய ஆம்பியரில் அது உருகும் என்பதற்கு உத்தரவாதமில்லை.

கப்ளர்களைச் செருகும்போது 'கிளிக்' சத்தம் கேட்க வேண்டும், கேட்ட பிறகு லேசாக இழுத்தும் பாருங்கள். ஸ்டட் நட்டுக்குக் கையேட்டில் டார்க் (இறுக்கும் விசை) அளவு இருந்தால் அதன்படி. இல்லாவிட்டால் சிறிய ராட்செட்டில் மணிக்கட்டுப் பலம் போதும். ஸ்டட் பிளாஸ்டிக்கில்தான் பதிந்திருக்கிறது. தோள் பலத்தைக் காட்டினால் அடியோடு சுழன்றுவிடும், புதுப் பெட்டியும் வீண்.

நெகட்டிவ் டெர்மினலை உடனே மாட்டாதீர்கள். பிரேக் லைட்டுக்குப் போடும் 12 வோல்ட், 21 வாட் பல்பு ஒன்றில் இரண்டு ஒயர் வைத்து, ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் முனையிலும் மறுமுனையைக் கழன்ற கிளாம்பிலும் பிடியுங்கள். கதவுகள் மூடியிருக்கட்டும், சாவி ஆஃப். பல்பு ஒரு கணம் எரிந்து மங்கினால் நல்லது. மாட்யூல்கள், அதாவது வண்டியின் சிறு கம்ப்யூட்டர்கள், விழித்துத் தூங்கப்போகின்றன. முழு வெளிச்சத்தில் எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே ஷார்ட், அல்லது ஏதோ ஒன்று ஆனில் இருக்கிறது. அப்படியே இருந்தாலும் அந்தப் பல்பு இரண்டு ஆம்பியருக்கு மேல் போக விடாது, அதனால் எதுவும் கருகாது. ஃபியூஸ்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள், எதை எடுத்தால் பல்பு அணைகிறதோ அங்கே தேடுங்கள். பல்பு வழியாகச் சாவியைத் திருப்ப வேண்டாம்.

சரியாக இருந்தால் டெர்மினலை மாட்டி, சாவியை ஆன் செய்யுங்கள். ஏபிஎஸ், ஏர்பேக் விளக்குகள் எரிந்து சில நொடியில் அணைய வேண்டும். ஏர்பேக் விளக்கு அணையாவிட்டால் அங்கேயே நிறுத்தி ஸ்கேனர் உள்ளவரிடம் போங்கள். அடுத்து இன்டிகேட்டர், பிரேக், ரிவர்ஸ், வைப்பர், ஹாரன், சென்ட்ரல் லாக், கண்ணாடிகள் என எல்லாவற்றையும் இயக்கிப் பாருங்கள். தானாக ஏறும் கண்ணாடி பாதியில் நின்றால் பழுதில்லை. பேட்டரி கழன்றதில் மறந்திருக்கும், கையேட்டில் சொன்னபடி மறுபடி பழக்க வேண்டும்.

கடைசியாக, எஞ்சினை ஓடவிட்டு ப்ளோயர் முழு வேகம், ஹெட்லைட் ஆன், இருபது நிமிடம். ஃபியூஸின் தலையில் உலோகம் தெரியும் இரண்டு புள்ளிகள் இருக்கும். மீட்டரின் ஒரு முனையை மெயின் ஸ்டட்டிலும் மறுமுனையை ஃபியூஸின் உள்வரும் பக்கப் புள்ளியிலும் வையுங்கள். 0.1 வோல்ட்டுக்குள் வந்தால் திருப்தி; நடுவில் ரிலே இருந்தால் 0.2 வரை பார்க்கலாம். அதற்கு மேல் காட்டினால் எங்கோ இணைப்பு சரியில்லை. ஃபியூஸைத் தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கலாம். விரலை ஐந்து நொடி வைக்க முடியாத சூடு கூடாது.

புதுப் பெட்டிக்கு ஷோரூமில் சொல்லும் விலை கையைக் கடிக்கிறது. சென்னை புதுப்பேட்டையில் பழையது கிடைக்கும் என்கிறார்கள். வாங்கலாமா?
– வாசகி, செங்கல்பட்டு

வாங்கலாம், ஆனால் பார்ட் நம்பர் கடைசி எழுத்து வரை ஒத்துப்போனால் மட்டும். ஒரே காரின் அடிப்படை மாடலுக்கும் டாப் மாடலுக்கும், பெட்ரோலுக்கும் டீசலுக்கும் வெளியே ஒரே பிளாஸ்டிக், உள்ளே வேறு இணைப்பு. மாட்டிப் பார்த்தால் உட்காரும்; பின்கண்ணாடி டிஃபாகர் வேலை செய்யாது, அல்லது ஃபாக் லைட் போட்டால் வேறெதுவோ எரியும்.

கையில் எடுத்ததும் மூக்கருகே கொண்டுபோங்கள். கருகிய வாசனை சீக்கிரம் போகாது. பிறகு ஒவ்வொரு துளையிலும் டார்ச் அடியுங்கள். பச்சையாகவோ வெள்ளையாகவோ பொடி பூத்திருந்தால், மூலையில் மெல்லிய வண்டல் கோடு தெரிந்தால், அது வெள்ளத்தில் கிடந்த வண்டி. இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

பணம் கொடுப்பதற்கு முன் யோசிக்க வேண்டியது பி.சி.எம். சுசுகி ஸ்விஃப்ட் போன்ற வண்டிகளில் அது ஜங்ஷன் பெட்டியோடு (நாம் பேசும் இந்த ஃபியூஸ் பெட்டிதான்) ஒட்டியே வருகிறது. கதவுப் பூட்டு, இன்டிகேட்டர், வைப்பர், உள்விளக்கு எல்லாம் அதன் பொறுப்பு. சில கம்பெனி வண்டிகளில் சாவியை அடையாளம் காணும் வேலையும் அதற்கே. அந்த வண்டிகளில் வேறு வண்டியின் பெட்டியை மாட்டினால் எஞ்சின் ஸ்டார்ட் ஆகாமல் போகலாம், வண்டியைத் தூக்கிக்கொண்டுதான் போக வேண்டியிருக்கும். எனவே பழைய பெட்டி உயிரோடு இருக்கும்போதே, பேட்டரியைக் கழற்றுவதற்கு முன், ஸ்கேனரில் அதன் அமைப்பைப் படித்துச் சேமித்து வைக்கச் சொல்லுங்கள். புதியதில் அதை எழுத முடியுமா, எழுத எவ்வளவு கேட்கிறார்கள் என்பதையும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். அந்தச் செலவையும் கூட்டிப் பார்த்தால், பி.சி.எம். சேர்ந்த பெட்டியைப் பழையதாக வாங்குவதில் பெரிய லாபம் இருக்காது. வெறும் ஃபியூஸ், ரிலே மட்டும் உள்ள பெட்டி என்றால் பழையதே போதும்.

மழை பெய்தால் டிரைவர் காலடி மேட் நனைகிறது. ஃபியூஸ் பெட்டியின் பின்களில் பச்சை பூத்திருக்கிறது. பெட்டியை மாற்றினால் போதுமா?
– வாசகர், கடலூர்

தண்ணீர் வரும் வழியை அடைக்காமல் புதுப் பெட்டி வாங்காதீர்கள். வேப்பமரத்தடியிலும் புங்கமரத்தடியிலும் நிறுத்தும் வண்டிகளில் வைப்பருக்குக் கீழே உள்ள பள்ளத்தில் இலை சேர்ந்து வடிகால் துளை அடைத்துக்கொள்ளும். தண்ணீர் அங்கே தேங்கி, ஒயரிங் நுழையும் ரப்பர் வழியாக உள்ளே இறங்கி, ஒயரையே பிடித்துக்கொண்டு நேராகப் பெட்டிக்கு வரும். அடுத்துப் பார்க்க வேண்டியது முன்கண்ணாடியின் ஒட்டு, அதிலும் கண்ணாடி ஒருமுறை மாற்றிய வண்டி என்றால். சன்ரூஃப் இருந்தால் அதன் வடிகுழாய் முன்தூண் வழியாக இறங்குகிறது, அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மழையில்லாத நாளிலும் நனைந்தால் ஏசியின் வடிகுழாய் அடைத்திருக்கிறது.

கண்டுபிடிக்க ஒருவர் உள்ளே டார்ச்சோடு படுக்க, இன்னொருவர் வெளியே ஒரு மக்கால் மெதுவாக, கீழிருந்து மேலாக ஊற்றி வரட்டும். ஹோஸ் பைப்பை முழு வேகத்தில் அடித்தால் எல்லா இடமும் நனையும், எங்கிருந்து வந்தது என்று தெரியாது.

பச்சை எந்தப் பின்களில் அதிகம் என்று கவனியுங்கள். சாவி ஆஃபில் இருந்தாலும் பேட்டரி பாசிட்டிவ் நிற்கும் பின்கள்தான் முதலில் அரிபடும், ஈரத்தோடு மின்சாரமும் சேர்ந்து உலோகத்தைக் கரைப்பதால். அதனால்தான் காய வைப்பதைவிடப் பேட்டரியைக் கழற்றுவது அவசரம். 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் சென்னையில் மூழ்கிய வண்டிகளுக்குச் சொன்னதும் இதுவே: சாவியைத் திருப்பாதீர்கள், முதலில் நெகட்டிவைக் கழற்றுங்கள். லேசான பூப்பு என்றால் ஐசோபுரோபைல் ஆல்கஹாலும் மென்மையான பிரஷ்ஷும் போதும். போர்டில் செம்புக்கோடு அரித்திருந்தால் பெட்டி மாற்றுவதுதான்.

சிகரெட் லைட்டர் சாக்கெட்டின் 15 ஆம்பியர் ஃபியூஸ் போட்டதும் போகிறது. நான்கு ஃபியூஸ் வீணாகிவிட்டது.
– வாசகர், கரூர்

முதலில் சாக்கெட்டுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். ஒரு ரூபாய் நாணயம் கிடக்க வாய்ப்பு நிறைய. ஃபியூஸ் போயிருக்கும் நிலையில், சாவியை ஆஃப் செய்து, பிளாஸ்டிக் முனையால் எடுங்கள். அங்கே ஒன்றும் இல்லையென்றால் ஃபியூஸைச் செலவழித்துத் தேடாதீர்கள். மேலே சொன்ன 21 வாட் பல்பை ஃபியூஸின் இடத்தில் மாட்டுங்கள். ஷார்ட் இருக்கும் வரை பிரகாசமாக எரியும். ஒயரை ஒவ்வோர் இடமாக அசைத்துக்கொண்டே போங்கள், பல்பு மங்கும் இடத்தில்தான் உறை கிழிந்திருக்கிறது. எலி நடமாட்டம் உள்ள வீடென்றால் கன்சோலுக்கு அடியிலிருந்து தொடங்குங்கள்.

ரிலே 'டிக்' என்கிறது, ஆனால் வேலை நடக்கவில்லை. ரிலே நல்லதுதானே?
– வாசகர், தேனி

'டிக்' என்பது ரிலேயின் உள்ளே இருக்கும் காந்தச் சுருள் உயிரோடு இருப்பதற்கு மட்டுமே சாட்சி. 85, 86 என்ற கால்கள் சுருளுக்கு. 30-ல் கரண்ட் வந்து 87-ல் வெளியே போகும். உள்ளே தொடும் புள்ளி கருகியிருந்தால் 'டிக்' கேட்கும், மின்சாரம் போகாது. வேகமான சோதனை, அதே எண் போட்ட ஹாரன் ரிலேயை எடுத்து இங்கே மாற்றிப் பார்ப்பது. எண் ஒத்திருக்க வேண்டும். வடிவம் ஒன்றாக இருந்து, ஒன்றில் ஐந்தாவது கால் 87ஏ இருக்கலாம், ஒன்றினுள்ளே டயோடு (ஒரு திசையில் மட்டும் கரண்ட்டை விடும் பாகம்) இருக்கலாம். டயோடு உள்ள ரிலேயில் 85, 86 மாறினால் டயோடு வழியே நேர் ஷார்ட்.

மீட்டரில் பார்ப்பதென்றால் சுருளின் தடை சாதாரண 12 வோல்ட் ரிலேயில் 70 முதல் 100 ஓம் அளவில் இருக்கும். ரிலே பிடித்திருக்கும்போது, சுமை ஓடும் நிலையில் 30-க்கும் 87-க்கும் இடையே 0.2 வோல்ட்டுக்கு மேல் விழுந்தால் மாற்றுங்கள். 'டிகுடிகு' என்று தொடர்ந்து அடித்தால் ரிலேயைக் குறை சொல்லாதீர்கள். பேட்டரி இறங்கியிருக்கிறது, அல்லது எர்த் சரியில்லை.

டேஷ்கேம் மாட்ட ஃபியூஸ் பெட்டியிலிருந்து லைன் எடுக்க வேண்டும். கடைக்காரர் ஃபியூஸ் காலில் ஒயரைச் சுற்றிச் செருகிவிட்டார். பரவாயில்லையா?
– வாசகி, மதுரை

இன்றே எடுத்துவிடுங்கள். ஒயரின் கனத்தில் கிளிப் விரிந்துவிடும். முதல் கேள்வியில் திருப்பூர் வாசகருக்கு நேர்ந்தது உங்களுக்கும் நேர அதுவே போதும்.

'ஃபியூஸ் டேப்' (fuse tap; ஒட்டும் டேப் அல்ல) என்று கேளுங்கள். உங்கள் ஃபியூஸ் ஸ்டாண்டர்டா, மினியா, அதைவிடக் குட்டையான லோ புரொஃபைலா என்று ஒன்றைக் கழற்றி எடுத்துச் சென்று காட்டி வாங்குங்கள். அதில் இரண்டு ஃபியூஸ் உட்காரும், ஒன்று பழைய இணைப்புக்கு, ஒன்று கேமராவுக்கு. கேமராவுக்கு 2 அல்லது 3 ஆம்பியர் போதும். திசை முக்கியம். டேப்பின் இரண்டு கால்களில் ஒன்று இரு ஃபியூஸுக்கும் பொது. அது எது என்று மீட்டரில் தொடர்ச்சி பார்த்துக் கண்டுபிடியுங்கள். பெட்டியில் ஃபியூஸைக் கழற்றிய பிறகும் 12 வோல்ட் காட்டும் துளையில் அந்தப் பொதுக்கால் உட்கார வேண்டும். திருப்பிப் போட்டாலும் கேமரா ஓடும். ஆனால் அதன் கரண்ட்டும் பழைய ஃபியூஸ் வழியாகவே போகும்.

ஏர்பேக், ஏபிஎஸ், எஞ்சின் கம்ப்யூட்டர் ஃபியூஸ்களைத் தொடாதீர்கள். சாவி ஆனில் மட்டும் உயிர் பெறும் சாக்கெட் அல்லது பின்வைப்பர் ஃபியூஸ் நல்ல இடம்.

ஃபியூஸ் பெட்டி மாற்றியதிலிருந்து இரண்டு நாள் நிறுத்தினால் வண்டி ஸ்டார்ட் ஆவதில்லை. பேட்டரி புதியது. என்ன செய்வது?
– வாசகர், தஞ்சாவூர்

ஏதோ ஒன்று தூங்காமல் இழுத்துக்கொண்டிருக்கிறது. அரை ஆம்பியர் இழுத்தால்கூட 48 மணி நேரத்தில் 24 ஆம்பியர்-மணி போய்விடும். 45 ஆம்பியர்-மணி பேட்டரியில் அது பாதிக்கும் மேல்.

பானெட்டைத் திறந்து, டிரைவர் கதவையும் திறந்து, கதவின் பூட்டுக் கொக்கியை ஸ்க்ரூடிரைவரால் மடக்கிவிடுங்கள். கதவு மூடியிருப்பதாக வண்டி நம்பும், நீங்கள் பெட்டியை எட்டலாம். சாவியைத் தூர வைத்துவிட்டு நெகட்டிவ் இணைப்பின் நடுவே மீட்டரை 10 ஆம்பியர் துளையில் மாட்டி, அரை மணி நேரம் காத்திருங்கள். 0.05 ஆம்பியருக்குக் கீழே இறங்கினால் வண்டியில் குறையில்லை. மீட்டர் மாட்டியிருக்கும்போது ஸ்டார்ட் செய்யாதீர்கள், கதவையும் திறந்து மூடாதீர்கள்.

இறங்காவிட்டால் ஃபியூஸைப் பிடுங்கித் தேட வேண்டாம். ஒன்றைப் பிடுங்கிச் செருகினாலே தூங்கிய மாட்யூல்கள் விழித்துக்கொள்ளும், மறுபடி அரை மணி நேரம். அதற்குப் பதில் இன்னொரு மீட்டரை மில்லிவோல்ட்டில் வைத்து ஒவ்வொரு ஃபியூஸின் தலையிலுள்ள இரு புள்ளிகளையும் தொடுங்கள். 0.0 காட்டினால் அதில் கரண்ட் இல்லை. ஏதாவது எண் காட்டும் ஃபியூஸ் எதுவோ, அதன் பாதையில்தான் தேட வேண்டும். பெட்டி மாற்றிய வண்டியில் முதலில் பார்க்க வேண்டியவை மூன்று. பழைய பெட்டியில் காலியாக இருந்த இடத்தில் ஃபியூஸ் செருகியிருக்கிறார்களா? ஏதாவது ரிலே இடம் மாறி உட்கார்ந்திருக்கிறதா? எஞ்சின் அணைந்து அரை மணிக்குப் பிறகும் எந்த ரிலேயாவது கைக்குச் சூடாக இருக்கிறதா? சூடாக இருக்கும் ரிலேயின் சுருளில் இன்னும் கரண்ட் ஓடுகிறது. அதைப் பிடுங்கியதும் மீட்டரில் ஆம்பியர் சரிந்தால், உங்கள் பேட்டரியைத் தின்றது அதன் பாதைதான். அந்த ரிலே இருக்க வேண்டிய இடம் எது என்று மூடியின் படத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.